கேபிள்காரரைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை

டிவியில் படம் வரவில்லை என்றதும் பின்னால் போய் ஒயர்களை ஆட்டுவதுதான் பலருக்கும் பழக்கம். ஆட்டினால் சில சமயம் வந்துவிடும், மறுநாள் மறுபடியும் போய்விடும். எங்கே கோளாறு என்று தெரிந்துகொண்டு கை வைப்பதே நல்லது. அதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள்.

மெனு திரையில் வந்தால், டிவியும் பாக்ஸும் அவற்றை இணைக்கும் ஒயரும் சரியாக இருக்கின்றன. கோளாறு கேபிள் லைனிலோ சந்தாவிலோ இருக்கிறது. மெனு வரவில்லை என்றால் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, ஒயர் செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. அல்லது ஏ.வி.யைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாதி நாள் கோளாறு இதுதான். ஏ.வி. ஒயரில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி அந்த மஞ்சள் பின்னை காம்பொனென்ட் (நிறத்தைத் தனி ஒயர்களில் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பு) என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, சோர்ஸில் ஏ.வி. என்று மாற்றினால் கலர் வந்துவிடும்.

பாக்ஸில் விளக்கே எரியவில்லை, அல்லது தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களுக்கு 12 வோல்ட். மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்; 11க்குக் கீழே போனால் அடாப்டர் ஓய்ந்துவிட்டது. பாக்ஸில் செருகாதபோது 12 காட்டிவிட்டு, பாக்ஸில் செருகியதும் இறங்குவதும் உண்டு. புதிது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் பருமனும் பிளஸ் மைனஸும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

சில சேனல்களில் மட்டும் சந்தா இல்லை என்ற செய்தி வந்தால் அது ஒயர் கோளாறு அல்ல. பணம் கட்டிய பிறகும் அப்படியே இருந்தால், அந்தச் சேனலிலேயே பாக்ஸை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஆக்டிவேஷன் உத்தரவு கேபிள் வழியாகத்தான் வரும். பாக்ஸ் அணைந்திருந்தால் எப்படி வாங்கிக்கொள்ளும்?

இனி நிஜமான தலைவலி: படம் கட்டம் கட்டமாக உடைவது, சத்தம் வெட்டி வெட்டி வருவது. எந்தெந்தச் சேனல்கள் என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் பத்துப் பன்னிரண்டு சேனல்கள் சேர்ந்தே வருகின்றன. அதனால் ஒரு கூட்டம் மட்டும் உடைந்து மற்றவை பளிச்சென்று இருந்தால், அந்த அலைவரிசையில் சிக்னல் குறைந்திருக்கிறது. உயர்ந்த அலைவரிசைதான் முதலில் அடிபடும். வீடுகளில் வழக்கமாக ஓடும் ஆர்.ஜி. 6 வகை கேபிள் ஒயரில், 30 மீட்டருக்கு 860 மெகாஹெர்ட்ஸ் அருகே ஏறக்குறைய 6 டெசிபல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) போய்விடும், 100 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபல்தான் போகும். அதன் மேல், ஒரு லைனை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்று 3.5 முதல் 4 டெசிபல் வரை தின்னும், நான்குவழி 7 முதல் 8 வரை. ஒரு டிவியை எடுத்துவிட்ட பிறகும் ஸ்ப்ளிட்டர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு ஜாயின்ட் போடுங்கள். செலவில்லாமல் சிக்னல் கூடும்.

எப்படியும் பழுது பெரும்பாலும் எஃப் கனெக்டரில்தான், அதாவது கேபிள் ஒயரின் நுனியில் திருகி மாட்டும் உலோக முனையில்தான் இருக்கும். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக இறங்கி உள்ளே பச்சை பூத்திருக்கும். அதைத் துடைத்து மாட்டுவது வீண், புதிதாகப் போடுங்கள். முதலில் ஒயரை 10 செ.மீ. வெட்டிப் பாருங்கள்; உள்ளே பின்னல் கம்பி கறுத்திருந்தால், பளபளப்பு தெரியும் வரை இன்னும் வெட்டுங்கள். வெளித்தோலை 12 மி.மீ. உரித்து, பின்னலைப் பின்பக்கமாக மடக்குங்கள். வெள்ளை இன்சுலேஷனை நுனியிலிருந்து 6 மி.மீ. மட்டும் எடுங்கள். நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டவே கூடாது: பல ஒயர்களில் அது செம்பு பூசிய இரும்பு, பூச்சு போனால் துருப்பிடிக்கும். கனெக்டரைத் திருகி ஏற்றியதும், உள்ளே வெள்ளை இன்சுலேஷன் அடித்தட்டோடு சமமாகவும், நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. நீட்டியும் இருக்க வேண்டும். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான், எல்லாச் சேனலும் போய்விடும். வீட்டுக்குள் ஒயர் நுழையும் இடத்துக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி வளைவு விடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மெனுவில் சிக்னல் பக்கம் இருந்தால், மாற்றும் முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெசிபல் மைக்ரோவோல்ட்டில் (dBµV என்று இருக்கும்) காட்டும் பாக்ஸில் 50 முதல் 65 வரை நல்ல நிலை. அதற்கும் மேலே போனால் ஆம்ப்ளிஃபையர் வாங்கி வைப்பது நிலைமையைக் கெடுக்கும்.

எக்காரணம் கொண்டும் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். அதில் பாக்ஸ் சேனல்களைத் தேடத் தேவையான முதன்மை அலைவரிசை, சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) எல்லாம் அழிந்து, சேனல் பட்டியலே காணாமல் போகலாம். சிம்பல் ரேட் பெரும்பாலும் 6875 அல்லது 6900, ஆனால் அலைவரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஒயரைத் தொட்டதும் சுரீர் என்று இழுத்தால், டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து வரும் கனெக்டரில் டெஸ்டர் வையுங்கள். அப்போது விளக்கு எரியவில்லை என்றால், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கிலிருந்து கசிந்த சிறு மின்சாரம்தான் அது. அப்போதும் எரிந்தால், தெருவில் எங்கோ மின்கம்பி கேபிளைத் தொட்டிருக்கலாம். தொடாமல் விலகி, மின்வாரியத்துக்கும் கேபிள்காரருக்கும் சொல்லுங்கள். கம்பத்தில் ஏறும் வேலை எந்த நிலையிலும் உங்களுடையது அல்ல.

பக்கத்து வீட்டிலும் வரவில்லை என்றால் உங்கள் வீட்டில் தேட வேண்டாம். தெருவில் மின்சாரம் போயிருக்கும்போது, உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் ஓடினாலும், தெருவில் சிக்னலை வீடுகளுக்கு அனுப்பும் நோட் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருந்தால் சிக்னல் வராது. கேபிள்காரருக்குப் போன் செய்யும்போது பாக்ஸ் நம்பர், திரையில் வந்த செய்தி, உடையும் சேனல்களின் பெயர், பக்கத்து வீட்டு நிலைமை நான்கையும் சொல்லுங்கள். கனெக்டரோடு வருவதா, லைன் ஆளோடு வருவதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.