காலையில் மட்டும் உதறும் பிக்கப்: முதல் சோதனை சாவியிலேயே இருக்கிறது

இரவு முழுக்க நின்ற பெட்ரோல் பிக்கப் வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் உதறிவிட்டு அப்புறம் தானே சீராகிறதா? உடனே ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி பொறுங்கள். பின்பக்க டேங்கில் எரிபொருள் பம்ப் லேசாக இரைந்து அடங்கும். அணைத்துவிட்டு இதையே இரண்டு மூன்று முறை செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் இல்லை என்றால், இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்பின் செக் வால்வையும் (எரிபொருள் டேங்குக்குத் திரும்பாமல் தடுப்பது) இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சுவது) கசிவையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் உதறினால் ஓபிடி ஸ்கேனரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை ('கோடு') படிக்கும் கருவியை மாட்டுங்கள். பி0301 என்ற கோடு வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு ஒரு காயில் உள்ள இன்ஜினில், அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் போயிருக்கிறது. காசே செலவாகாத சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. மாறாவிட்டால் பிளக்கையும் இப்படியே மாற்றிப் பாருங்கள்.

கோடு எதுவும் இல்லையா? வேக்குவம் குழாய்களில் 'உஸ்' சத்தம் வருகிறதா, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னணு த்ராட்டிலின் தட்டை விரலால் தள்ளக் கூடாது.

உதறலோடு இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள். இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் கசிவாக இருக்கலாம், மெக்கானிக்கை வரவழையுங்கள்.