24 கோர் வாங்குமுன்: எடிட்டிங்குக்கும் கேமுக்கும் ஒரே பிராசஸர் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அண்ணா, 16 கோர் எடுக்கட்டுமா, 24 கோர் எடுக்கட்டுமா?" தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதாக ஸ்டுடியோ போடுகிற தம்பிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பகலில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோ. ராத்திரி கேம். இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். கடைக்காரரைக் கேட்டால் "பெரிய நம்பரா எடுத்துக்கப்பா, எல்லாத்துக்கும் ஆகும்" என்பார். அது பாதி உண்மை.

கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. அதன் எண்ணிக்கை எக்ஸ்போர்ட்டுக்கும் ரெண்டருக்கும் உதவும், அதுவும் எல்லா எக்ஸ்போர்ட்டுக்கும் இல்லை. டைம்லைன் திக்காமல் ஓடுவது வேறொரு பாகத்தைப் பொறுத்தது. கேம் ஓடுவது இன்னொன்றைப் பொறுத்தது. அதனால் உங்கள் வேலை எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிராசஸர் பெயரெல்லாம் அப்புறம்.

படி 1: இருக்கிற கம்ப்யூட்டரிலேயே பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரோ, நண்பருடையதோ, எதுவாக இருந்தாலும் சரி. நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையை எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டு, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்ஸ் என்று மாற்றுங்கள். ஒரே கட்டம் இருந்த இடத்தில் பல குட்டிக் கட்டங்கள் வரும்.

எல்லாக் கட்டமும் மேலே முட்டிக்கொண்டு நின்றால், கூடுதல் கோர் உங்களுக்கு உண்மையிலேயே பலன் தரும். இரண்டு மூன்று கட்டம் மட்டும் துடித்து மற்றவை சும்மா கிடந்தால், 24 கோர் வாங்கினாலும் அவையும் சும்மாதான் கிடக்கும். அப்படியே கீழே ஜிபியு பக்கத்தையும் பாருங்கள். அங்கே வீடியோ டிகோட், வீடியோ என்கோட் என்று தனிக் கட்டங்கள் உண்டு. என்கோட் கட்டம் நிரம்பியிருந்தால், எக்ஸ்போர்ட்டைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. யூடியூபுக்கு எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பு போடுகிறவர்களில் நிறையப் பேர் இந்த வகைதான். ராத்திரி முழுக்க நடக்கும் பாரதக் கூத்தை ஒரே கேமராவில் எடுத்து, லேசாக வெட்டி, அப்படியே ஏற்றுகிறவருக்கு 16 கோர் தேவையே இல்லை.

கோர் யாருக்கு வேண்டும்? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் அனிமேஷன் செய்கிறவர், பிளெண்டரில் சிபியு ரெண்டர் போடுகிறவர், தரம் குறையாமல் கோப்பைச் சின்னதாக்க எச்.265-ஐ மென்பொருள் வழியாகவே என்கோட் செய்கிறவர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களை ரெண்டர் செய்கிறது. கோர் கூடக் கூட வேகம் கூடும், ஆனால் ராமையும் அதே அளவுக்குக் கேட்கும்.

படி 2: இரண்டு மடங்கு கோர், இரண்டு மடங்கு வேகமா?

இல்லை. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்க முடியாததாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரே கோரில் அது 10 மணி நேரம் எடுக்கும். 8 கோரில் சுமார் 2 மணி 8 நிமிடம் ஆகும். 16 கோரில் 1 மணி 34 நிமிடம். 24 கோரில் 1 மணி 22 நிமிடம் சொச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குப் போனபோது அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். பதினாறிலிருந்து இருபத்து நான்குக்குப் போனால் பத்து நிமிடம் சொச்சம்தான். ஆயிரம் கோர் போட்டாலும் அந்தப் பிரிக்க முடியாத 1 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது. ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இது, இன்றைக்கும் மாறவில்லை.

இன்னொரு விஷயம், கடையில் சொல்லும் 24 கோரும் ஒரே மாதிரி கோர் கிடையாது. இன்டெல் ஐ9-14900கே-யில் 8 பெரிய கோர், 16 சின்னக் கோர், மொத்தம் 32 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 32 வேலை வரிசை ஓடும். கோர் அல்ட்ரா 9 285கே-யிலும் அதே 8 + 16 கணக்குதான், ஆனால் ஒரு கோருக்கு ஒரு த்ரெட் வீதம் 24 மட்டும். ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ்-இல் 16 கோரும் பெரியவை, 32 த்ரெட். ஆக "24 பெருசா, 16 பெருசா" என்று எண்ணை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது.

படி 3: உங்கள் கேமரா என்ன கோப்பு தருகிறது?

டைம்லைன் திக்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

கேமரா கோப்பைச் சுருக்கித்தான் சேமிக்கிறது. டைம்லைனில் ஓட்டும்போது அதை ஒவ்வொரு ஃபிரேமாக விரிக்க வேண்டும். அதற்கென்று கிராபிக்ஸ் சிப்புக்குள் தனி டிகோட் பகுதி உண்டு. உங்கள் கோப்பின் வகையை அந்தப் பகுதிக்குத் தெரிந்திருந்தால் பிராசஸர் ஓய்வாக இருக்கும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் கோர்களின் தலையில் விழும்.

நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் சாதாரண 4:2:0 கோப்பென்றால், அதாவது செல்போன், டிரோன், பழைய கேமராக்களில் பெரும்பாலும் வருவது, எந்தப் புதிய கார்டும் விரிக்கும். சிக்கல் நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் 10 பிட் 4:2:2 கோப்பில். சோனி ஏ7 4, எஃப்எக்ஸ்3 மாதிரி கேமரா வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர்கள், கலர் கிரேடிங் நன்றாக வர இதில்தான் எடுக்கிறார்கள். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு இந்த 4:2:2 தெரியாது. ரைசன் 7000, 9000 பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கும் தெரியாது. இன்டெல் பிராசஸரின் உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் பகுதி எச்.265 வகை 4:2:2-ஐ நன்றாகவே விரிக்கும், ஆனால் எச்.264 வகையில் கைவிட்டுவிடும்.

இதைச் சோனி மெனுவில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் உள்ளே எச்.265. எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் எச்.264. கேமரா அதே, 4:2:2-உம் அதே. ஆனால் முதல் வகையில் எடுத்தது இன்டெல் கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடும், இரண்டாவது வகை கோர்களை வாட்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இரண்டையும் விரிக்கும்.

இதிலிருந்து நேராக மூன்று முடிவுகள். உங்கள் கோப்பு 4:2:2, கையில் பழைய என்விடியா கார்டு, அதை மாற்றப் பணமில்லை என்றால் இன்டெல் பக்கம் போவது புத்திசாலித்தனம். அப்படிப் போகும்போது பெயரின் கடைசியில் எஃப் அல்லது கேஎஃப் இருக்கும் மாடலைத் தொடாதீர்கள். அவற்றில் உள் கிராபிக்ஸ் இயங்காது, குயிக் சிங்க்கும் கிடைக்காது. கொஞ்சம் விலை குறைவு என்று கடையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இந்தக் கவலையை விட்டுவிட்டு ரைசன், இன்டெல் எதை வேண்டுமானாலும் பாருங்கள்.

எதுவுமே ஒத்துவராவிட்டால் ப்ராக்ஸி இருக்கிறது, அதாவது எடிட்டிங்குக்காக மட்டும் போடும் லேசான நகல் கோப்பு. ராத்திரி படுக்கப்போகுமுன் ப்ராக்ஸி போட்டுவிட்டால் காலையில் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். முதல் வருடம் இப்படியே ஓட்டிச் சம்பாதித்துவிட்டு அப்புறம் பெரிய பிராசஸர் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை நான் தடுக்க மாட்டேன்.

படி 4: கேமுக்கு என்ன வேண்டும்?

முதலில் ஒரு சோதனை. நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) தாவி ஏறினால் இடிப்பது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் இடிப்பது பிராசஸர். 4கே-யில் பெரிய கேம் ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் கார்டுதான் இடிக்கும். அவர் பிராசஸரில் கொட்டும் பணம் கார்டில் போயிருக்க வேண்டியது. வேலோரன்ட் மாதிரி கேமில் 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்து ஆடுகிறவருக்குப் பிராசஸர் முக்கியம்.

அவருக்கும் கோர் எண்ணிக்கை அல்ல, கேச்தான் முக்கியம், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம். ஏஎம்டியின் எக்ஸ்3டி மாடல்களில் கோர்களோடு கூடுதல் கேச் அடுக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேச். கேமுக்காக மட்டும் என்றால் இரண்டு மடங்கு கோர் உள்ள பிராசஸர்களையே இது பின்னால் தள்ளுகிறது. ஆடிக்கொண்டே ஸ்ட்ரீமிங் செய்வதற்கு நிறையக் கோர் வேண்டும் என்பது பழைய பேச்சு. ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளில் என்விடியாவின் என்கோடரைத் தேர்ந்தெடுத்தால் கோர்களுக்கு அதிகச் சுமை இல்லை.

படி 5: இப்போது பெயர் சொல்லலாம்

கேமே பிரதானம், எடிட்டிங் வாரத்துக்கு ஒரு ரீல்ஸ் என்றால் 9800எக்ஸ்3டி. அதற்குப் பட்ஜெட் இல்லை என்றால் 8 கோர் ரைசன் 7 9700எக்ஸ் போதும்.

எடிட்டிங்தான் சோறு போடுகிறது, கேம் பொழுதுபோக்கு என்றால் கோர் அல்ட்ரா 7 265கே. 8 பெரிய கோர், 12 சின்னக் கோர், கூடவே குயிக் சிங்க். நம் ஊர் ஸ்டுடியோ வேலைக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஏஎம்டி வேண்டும் என்றால் 12 கோர் 9900எக்ஸ்.

இரண்டிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ரெண்டருக்கும் கோர் வேண்டும் என்றால் 2025 மார்ச்சில் வந்த ரைசன் 9 9950எக்ஸ்3டி. 16 கோர், 128 எம்பி எல்3 கேச். ஆனால் 12 கோர் 9900எக்ஸ்3டி-யில் கவனம் வேண்டும். கோர்கள் இரண்டு சிப்பாகப் பிரிந்திருக்கும், கூடுதல் கேச் ஒன்றில் மட்டும். அதனால் கேமுக்கு அந்தக் கேச்சோடு கிடைப்பது 6 கோர்தான். ஏஎம்டியின் பெரிய த்ரெட்ரிப்பர் பிராசஸர் பக்கமே போக வேண்டாம், அதன் போர்டு விலையிலேயே ஒரு லென்ஸ் வாங்கலாம்.

பழைய 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும். அதிக வோல்டேஜால் சில பிராசஸர்கள் நாளாக நாளாகப் பழுதாகிய தலைமுறை அது. 2024-இல் இன்டெல் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரிசெய்யாது. எனவே பில்லும் வாரண்டியும் இல்லாமல் வந்தால் வேண்டாம்.

படி 6: பிராசஸரைச் சுற்றி இருப்பவை

ரைசன் 7000, 9000 உட்காரும் ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால், பிராசஸருக்கு முன்னால் ராம் விலையைக் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுங்கள். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். 16 ஜிபி நான்கு போட்டால் ரைசன் 9000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5600-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும்.

சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஸ்டுடியோவில் சித்திரை மாதம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும். அறை 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். 9950எக்ஸ் முழுச் சுமையில் 230 வாட் வரை இழுக்கும், 14900கே 253 வாட். இவற்றோடு கூலர் வராது. 360 எம்எம் லிக்விட் கூலரோ, இரட்டைக் கோபுர ஏர் கூலரோ தனியாக வாங்க வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் பயாஸில் ரைசனுக்கு ஈகோ மோட் போட்டுவிடுங்கள், இன்டெல்லுக்குப் பவர் லிமிட்டைக் குறைத்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையக் குறையும். கிரானைட் தூசி பறக்கும் சாலையோரக் கடை என்றால் கேபினெட்டில் முன்பக்கம் தூசி வலை கட்டாயம்.

யூபிஎஸ் விஷயத்தில் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ பெட்டி 360 வாட்தான் தாங்கும். எக்ஸ்போர்ட் நடுவில் பிராசஸரும் கார்டும் சேர்ந்து 450 வாட்டைத் தாண்டும்போது கரண்ட் போனால், யூபிஎஸ் கத்திவிட்டு அதுவும் அணைந்துவிடும். 1,000 விஏ பெட்டிகளிலும் பல 600 வாட்தான்.

படி 7: வாங்குவதும் வாங்கியபிறகும்

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம். எங்கே வாங்கினாலும் ஆன்லைன் விலையை வைத்துக்கொண்டு பேசுங்கள். பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்க வேண்டும், பாக்ஸ் சீல் உங்கள் கண்முன்னால் உடைய வேண்டும். விலை வித்தியாசம் சின்னது என்றால் நான் உள்ளூர்க் கடையையே சொல்வேன். முகூர்த்த மாதத்தில் மெஷின் படுத்துவிட்டால், அன்றைக்கே போய் "அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று நிற்க ஓர் இடம் வேண்டும்.

அசெம்பிள் ஆகி வந்ததும் பயாஸைப் புதுப்பித்து, ராமுக்கு எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்த வேகத்தில் ராம் ஓடாது. இன்டெல் என்றால், தனிக் கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸைச் சில போர்டுகள் அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று இருப்பதை இயக்கினால்தான் குயிக் சிங்க் கிடைக்கும். பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், மீடியா பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சினிபெஞ்ச் 2024 என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ-வில் வெப்பத்தைக் கவனியுங்கள். ரைசன் 95 டிகிரியில் நிற்பதற்கே வடிவமைக்கப்பட்டது, எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் அரை மணியில் கிளாக் வேகம் இறங்கிக்கொண்டே போனால் கூலர் சரியாக உட்காரவில்லை.

9950எக்ஸ்3டி வாங்கியவருக்கு இன்னும் ஒரு வேலை. ஏஎம்டி சிப்செட் டிரைவரைப் போட்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரைப் புதுப்பித்து, கேம் மோடை ஆன் செய்யுங்கள். ஒரு கேமைத் திறந்துவைத்து ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். பாதிக் கோர்களுக்குப் பக்கத்தில் பார்க்ட் (ஓய்வில் இருக்கிறது) என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கேச் இல்லாத பக்கத்திலும் கேம் ஓடுகிறது என்று அர்த்தம். கேம் பாரைத் திறந்து, "இது ஒரு கேம் என்று நினைவில் வை" என்ற பொருளில் வரும் டிக்கைப் போட்டுவிட்டு, கேமை மூடித் திறந்து மறுபடி பாருங்கள்.