பெடனா பாணி அச்சுக்கட்டை: முதல் கட்டையை வீட்டிலேயே செதுக்கலாம்

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி துணியில் கையால் வரைவது, மசூலிப்பட்டினம் கலம்காரி மரக்கட்டையால் அச்சடிப்பது. அந்தக் கட்டைகளைத் தலைமுறையாகச் செதுக்கும் ஒரு வீட்டில், மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெடனாவில், நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தாத்தா கோடு வெட்டுகிறார், மகன் நடுவில் இருக்கும் மரத்தைத் தோண்டி எடுக்கிறார், பேரன் அடுத்த கட்டையின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஊருக்கு வந்து நானே முயன்றதில் மூன்று கட்டை வீணாகி, நான்காவது சரியாக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

மரம்: தேக்கு மட்டும். மரவாடியில் நன்றாகக் காய்ந்த துண்டு கேளுங்கள், இரண்டங்குல கனம் போதும். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக அறுத்த முகத்தில் செதுக்கினால் மெல்லிய கோடு பிளக்காது.

தேய்ப்பது: கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, கட்டையைக் கவிழ்த்துத் தேயுங்கள். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் மழுங்கிவிடும், அச்சில் ஓரம் விழாது.

வரைவது: முகத்தில் வெள்ளை பெயின்ட் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் கார்பன் தாள் வைத்துப் படத்தை நகலெடுங்கள். துணியில் படம் இடம்வலம் மாறி விழும் என்பதால் முதல் கட்டைக்கு எட்டிதழ்ப் பூ போல எப்படித் திருப்பினாலும் ஒன்றாக இருப்பதை எடுங்கள். ஒரே நிறம் போதும். பெடனாவில் நிறத்துக்கு ஒரு கட்டை, ஒரு பூவுக்கே மூன்று நான்கு கட்டைகள் உண்டு.

செதுக்குவது: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கோட்டின் இரண்டு பக்கமும் உளியை நேர்க்குத்தாக இறக்கினேன், பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆனால் ஆழம் போகப்போக உளி உள்பக்கம் சாய்ந்து கோட்டின் அடி மேல்பக்கத்தைவிட மெலிந்துபோனதைக் கவனிக்கவில்லை. பத்துப் பதினைந்து தடவை அச்சடித்ததும் இதழ் நுனி உடைந்து துணியோடு வந்துவிட்டது. இரண்டாவது கட்டையிலும் அதேதான். போட்டோ எடுத்துப் பெடனா தாத்தாவுக்கு அனுப்பினேன். கோடு சுவர் போல நிற்கக்கூடாது, வயல் வரப்பு போல உட்கார வேண்டும் என்றார். அதாவது மேலே ஒடுங்கி, அடியில் அகன்று. அதற்கு உளியின் நுனி கோட்டை ஒட்டி இருக்க, பிடியைக் கோட்டின் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், வெட்டு வெளிப்பக்கமாக இறங்கும். ஒரே அடியில் ஆழம் போகாமல் சுற்றிச்சுற்றி மூன்று முறை வாருங்கள். கால் அங்குலமாவது ஆழம் வேண்டும், இல்லையென்றால் சாயம் பள்ளத்தில் தங்கித் துணியில் அப்பிக்கொள்ளும்.

உளி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஆன்லைனில் வரும் பன்னிரண்டு உளி செட் வேண்டாம், கூர் இரண்டு நாள் நிற்பதில்லை. நல்ல எஃகில் ஒரு பட்டை உளி, ஒரு குழி உளி, ஒரு சாணைக்கல், சின்ன கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). அரை மணிக்கு ஒருமுறை தீட்டுங்கள்.

பெரிய கட்டை என்றால் பின்பக்கம் வரை நாலைந்து துளை போடுங்கள், அச்சு வைக்கும்போது அடியில் சிக்கும் காற்று வெளியேறும். அப்புறம் ஒரு வாரம் எண்ணெயில் ஊறட்டும்.

அச்சடிக்கும் மேசையில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் துணியை விரியுங்கள். வெறும் பலகை மேல் அடித்தால் எவ்வளவு நல்ல கட்டையும் திட்டுத்திட்டாகத்தான் விழும்.

பின்சேர்க்கை: கட்டை வெடித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் இருவருமே கழுவி வெயிலில் வைத்திருக்கிறார்கள். சாயம் காய்வதற்கு முன்பே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் முகம் கீழே படாமல் நிறுத்தி வையுங்கள்.