ஸ்பிரிங் பேடுக்கு முழு வெல்டிங் கடைசியில்தான்

லீஃப் ஸ்பிரிங் உள்ள ஆஃப்ரோடு வண்டிக்கு லாரியின் அகலமான பின் ஆக்ஸிலை மாட்டும்போது, ஸ்பிரிங் பேடுகளை (ஆக்ஸில் குழாயின் மேல் ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகள்) முதலிலேயே வெல்டிங் செய்துவிடாதீர்கள். யூ போல்ட்டை லேசாக மட்டும் முடுக்கி வையுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டேங்க் எல்லாம் ஏறி, வண்டி சமதரையில் தன் சக்கரங்களில் நின்றதும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பினியனுக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் பல்சக்கரத் தண்டு) அடியில் ஜாக்கி வைத்து அதன் கோணத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பேடுக்கு டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்தால் போதும்.

எடை ஏறியதும் ஸ்பிரிங் தாழும், அதோடு பினியன் கோணமும் மாறும். ஸ்டாண்டில் தொங்கும்போது பார்த்த கோணம் தரையில் நிற்காது; அப்படியே வெல்டிங் செய்தால் ஷாஃப்ட் அதிரும், அதன் முனைகளில் உள்ள கிராஸ் (மடங்கிச் சுழலும் மூட்டு) சீக்கிரம் போகும். சாதாரண இரண்டு கிராஸ் ஷாஃப்ட் என்றால் பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளித்தண்டும் இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்க மேல்முனையில் இரட்டைக் கிராஸ் இருந்தால் பினியன் அந்த முனையை நோக்கி இருக்கட்டும், அந்த நேர்கோட்டிலிருந்து 1 முதல் 2 டிகிரி மட்டும் தாழ்ந்திருக்கட்டும்.

முழு வெல்டிங்குக்கு ஆக்ஸிலைக் கழற்றிவிடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வளைந்துவிடும். சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போடுங்கள்.

முன் ஆக்ஸிலுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே பேடைத் திருப்பினால் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) சேர்ந்து மாறும், ஸ்டியரிங்குக்கு அதுதான் முக்கியம். ஒரு பக்கப் பேடு ஹவுசிங்கோடு வார்த்து வந்த ஆக்ஸிலிலும் இந்த வழி நடக்காது.