‘டிட் வென்ட்’ பிழையைத் திருத்திய முறை

மட்டக்களப்பில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளில் நான் அதிகம் சிவப்புக் கோடு போடுவது ‘ஐ டிட் நொட் வென்ட்’ என்ற வரிக்குத்தான். ‘கோ, வென்ட், கோன்’ என்று தடங்கலில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளையும் இதை எழுதும். இந்த வினைவடிவ அட்டவணை மட்டும் போதாது. எந்த வடிவம் எந்தத் துணைவினையோடு வரும் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இறந்தகாலத்தை ‘டிட்’ காட்டிவிடுகிறது. அதனால் பின்னால் வெறும் ‘கோ’ மட்டுமே. தமிழிலும் ‘போனேன்’ எதிர்மறையில் ‘போகவில்லை’ ஆகிறதே, ‘போனவில்லை’ என்று எவரும் சொல்வதில்லை. இதைக் காட்டியபிறகு அந்தப் பிழை நன்றாகக் குறைந்தது.

‘கோன்’ வந்தால் முன்னால் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ ஒன்று வேண்டும். ‘ஷி ஹாஸ் கோன் டு கல்முனை’ என்றால் அவ இன்னும் திரும்பவில்லை. போய் வந்துவிட்டா என்றால் ‘ஹாஸ் பீன் டு’. ‘யெஸ்டர்டே’ என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் இரண்டும் சரிவராது, ‘வென்ட்’ தான்.

பயிற்சிக்கு ஒரே வாக்கியத்தை உடன்பாடாக, எதிர்மறையாக, கேள்வியாக, பிறகு ‘ஹாஸ்’ போட்டு எழுதவைக்கிறேன். கேள்வியில்தான் கூடுதலாகச் சறுக்கும். ‘டிட் ஷி கோ?’ என்பதை வாய்விட்டுச் சொல்லி எழுதவையுங்கள்.