தாழ்வாரத்தில் தோட்டம்: செடி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு எட்டாவது மாடியில், தெற்கு பார்த்த பொதுத் தாழ்வாரத்தோடு இருக்கிறது. ஒரு டிசம்பரில் ஆசையாகக் குண்டுமல்லி வாங்கி வைத்தேன். மழை ஓய்ந்த பிப்ரவரியில் தினமும் ஒரு கைப்பிடி மொட்டு. ஏப்ரலில் பூ நின்றுபோனது. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று அள்ளிப் போட்டேன். இலை நுனியெல்லாம் கருகியதுதான் மிச்சம். செடியில் ஒரு கோளாறும் இல்லை. வெயில் புளோக்கின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி கூட வடக்கில் இல்லை. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. வடக்கு தெற்கு பார்த்த தாழ்வாரம் என்றால் பாதி வருடம் வெயில், பாதி வருடம் நிழல். கிழக்கு பார்த்தது என்றால் வருடம் முழுக்கக் காலை வெயில், கொடுத்துவைத்தவர்கள். மேற்கு பார்த்த வீட்டில் பிற்பகல் வெயில் தொட்டியையே சுடவைத்துவிடும்.

முதல் வேலை: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

செடி வைக்க நினைக்கும் இடத்தில் காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் வெட்டினாற்போல் விழுந்தால் நேர் வெயில். ஓரம் மங்கலாக இருந்தால் நடுத்தர வெளிச்சம். நிழலே சரியாகத் தெரியாவிட்டால் அங்கே பூச்செடியை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது: இடத்துக்கு ஏற்ற செடி

ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வருகிறதா? மல்லிகை, செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, அடீனியம் எல்லாம் வரும். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டும் முழு வெயில் கேட்கிற செடிதான். காகிதப்பூவுக்கு ஒரு விநோத குணம் உண்டு: தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால்தான் பூக்கும். மேம்பாலங்களின் ஓரத்தில், மழை இல்லாத நாட்களில் அது கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செல்லம் கொடுத்தால் வெறும் இலைதான்.

வெளிச்சம் குறைவு என்றால் மருள் (ஸ்நேக் பிளான்ட்), மணிபிளான்ட், அக்லோனிமா போன்ற இலைச்செடிகள். தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மணிபிளான்ட்டை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அதன் சாறு வாயை எரிக்கும். அரளியை இந்த வீடுகளில் நான் வைக்கவே சொல்லமாட்டேன். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு.

மரம்தான் வேண்டும் என்பவர்கள், தரைவீடு இல்லாவிட்டால், தொட்டியில் ரப்பர் செடியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். மொட்டு அதிகமாக இருப்பதை எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது: தொட்டியும் மண்ணும்

வாங்கிய அன்றே தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு வாரம் புது இடத்துக்குப் பழகட்டும். அப்புறம் இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். அடியில் ஓட்டை இருக்கவேண்டும். புளோக்குக்குக் கீழே தரையில் தோண்டி எடுக்கும் களிமண், தொட்டிக்குள் இறுகிப்போகும்; கடையில் விற்கும் மண்கலவை மூன்று பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு போதும்.

நான்காவது: தண்ணீர்

புதிதாக வளர்ப்பவர்கள் செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றித்தான். இலை வாடினால் உடனே குவளையைத் தூக்காதீர்கள். வேர் அழுகினாலும் இலை வாடும். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். மருளுக்கு மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

தொட்டித் தட்டில் தேங்கும் நீரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரமே போதும். அதிகாரிகள் சோதனைக்கு வந்து கொசுப்புழுவைக் கண்டால் முதல் முறையே 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் வரலாம். நான் தட்டையே எடுத்துவிட்டேன். இறுகிய மேல்மண்ணிலும் தண்ணீர் குட்டைபோல் நிற்கும். ஒரு பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.

உரம் மாதம் ஒரு முறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் தெளியுங்கள். ஒரே தடவையில் போகாது. வாரம் ஒன்றாக மூன்று வாரம்.

ஒன்று விட்டுப்போனது: தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்கவேண்டும், தீ விபத்து என்றால் ஆட்கள் ஓடுவதற்கு. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை வைக்கவே கூடாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் சக்கர நாற்காலி போகிறதா என்று பார்த்துத்தான் நான் வரிசையை அமைத்தேன்.

என் குண்டுமல்லி இன்னும் இருக்கிறது. ஏப்ரல் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிடுகிறேன். தெற்கு வெயில் திரும்பி வந்து புதுக்கிளையில் மொட்டு விடும்வரை, பூ வேண்டுமென்றால் தேக்கா சந்தைக்குத்தான் போகிறேன்.