ஓவியத்தை எப்போது காட்டிக் கருத்துக் கேட்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கருத்து முற்றிலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் திருத்த முடியாத கட்டத்தில் வந்தால் மனக்கஷ்டம்தான் மிச்சம். தனக்கு என்ன வேண்டும் என்று வரைபவருக்கே தெளியாத நேரத்தில் வந்தால், படம் வேறொருவருடைய படமாக மாறிவிடும். யாரிடம் கேட்பது என்று யோசிப்பதற்கு முன்பே எப்போது கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கரு தெளியுமுன் காட்டுவது

பென்சிலில் நாலு கோடு போட்டதும் காட்டினால், பார்ப்பவர் இருக்கிற படத்தைப் பார்ப்பதில்லை, தன் மனதில் ஒரு படத்தை வரைய ஆரம்பித்துவிடுகிறார். "பின்னால் ஒரு மரம் வைக்கலாமே" என்ற வகைப் பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. காட்டுமுன் இரண்டு விஷயங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக, எழுதிப் பாருங்கள்: இந்தப் படம் எதைச் சொல்கிறது, பார்ப்பவர் கண் முதலில் எங்கே போக வேண்டும். எழுத வரவில்லை என்றால் இன்னும் காட்டும் நேரம் வரவில்லை.

எழுத முடிந்துவிட்டால் சீக்கிரம் காட்டுவதில் தவறில்லை. ஒரே கருவுக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் மூன்று நான்கு சிறு வரைவுகள் போட்டு, எது அந்த வரிக்குப் பொருந்துகிறது என்று கேட்கலாம். காம்போசிஷனில், அதாவது படத்தில் எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பில், உள்ள கோளாறு இந்தக் கட்டத்தில் ஒரு தாள் செலவில் சரியாகும். கேன்வாஸில் ஏறிய பிறகு அதே கோளாறுக்குப் பல நாள் உழைப்பைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

மீடியத்தை மறந்துவிட்டு நேரம் குறிப்பது

அதிகம் பேர் செய்வதும் அதிகம் நஷ்டம் தருவதும் இந்தத் தவறுதான். கருத்துக் கேட்க ஏற்ற கட்டம் ஒவ்வொரு மீடியத்துக்கும், அதாவது வாட்டர்கலர், ஆயில் என்று எதில் வேலை செய்கிறோமோ அதற்கு ஏற்ப, வேறு.

வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதமே. முதல் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்ட பின் "இங்கே வெளிச்சம் போதவில்லை" என்று ஒருவர் சொன்னால் செய்வதற்கு அதிகம் இல்லை. சில நிறங்களை ஈரப் பிரஷ்ஷால் ஓரளவு எடுக்கலாம். தாலோ நீலம் போல் காகிதத்தில் ஊறிப் பிடிக்கும் நிறங்கள் முழுதாக வராது. அதனால் வாட்டர்கலருக்குக் கேட்க வேண்டியதை எல்லாம் முன்வரைவிலும், கறுப்பு வெள்ளையில் போடும் ஒளி நிழல் ஸ்கெட்ச்சிலும் கேட்டு முடித்துவிட வேண்டும். லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்சடிக்கும் லினோகட், மரச்செதுக்கு அச்சுகளுக்கும் இதே கதைதான். செதுக்கி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. களிமண் சிற்பத்தை மண் ஈரமாக இருக்கும்போதே காட்டுங்கள்.

ஆயில் பெயின்ட் திருத்த நிறைய இடம் கொடுக்கும். அடிவண்ணம் போட்டு, பெரிய உருவங்களும் ஒளி நிழலும் உட்கார்ந்து, நுணுக்க வேலை தொடங்காத நேரம் கருத்துக்கு மிகவும் ஏற்றது. பெயின்ட் ஈரமாக இருந்தால் பாலெட் கத்தியால் வழித்துவிடலாம். நன்றாகக் காய்ந்த பின் மாற்றினால் இரண்டு சிக்கல்கள் உண்டு. மேல் அடுக்கில் கீழ் அடுக்கைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் வெடிப்பு விடும். மேலும், ஆயில் பெயின்ட் வயதாக ஆக ஒளி ஊடுருவும் தன்மை கூடுகிறது. மெல்லிய பூச்சால் மறைத்த பழைய உருவம் பல ஆண்டுகள் கழித்து மேலே தெரிய வரலாம். வார்னிஷ் அடித்த பின் கேட்பதில் பொருளே இல்லை.

அக்ரிலிக்கில் மேலே பூசித் திருத்துவது எளிது, ஆனால் தடித்த பிரஷ் தடங்கள் புதுப் பூச்சுக்கு அடியிலும் துருத்தும். டிஜிட்டலில் லேயர்களை (தனித்தனியாகத் திருத்தக்கூடிய அடுக்குகளை) ஒன்றாக்குமுன் காட்டுங்கள்.

கடைசி நாளில் கேட்பது

1870இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்காகத் தன் தாயும் சகோதரியும் உட்கார்ந்திருக்கும் ஓவியத்தை வரைந்திருந்தார் பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ. அனுப்ப வேண்டிய நேரத்தில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான எதுவார் மானே வந்து பார்த்தார். உடையின் கீழ்ப்பகுதி மட்டும் சரியில்லை என்று சொல்லி அவரே பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். பாவாடையில் தொடங்கியது மேலுடைக்கு ஏறி, தலைக்குப் போய், பின்னணி வரை பரவியது. படத்தை எடுத்துச் செல்ல வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். மோரிசோ மனமுடைந்து போனார். படம் சலோனில் தொங்கவும் செய்தது; இன்று வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

சொன்னவர் மேதை. ஆனாலும் சொன்னதை ஆற அமர யோசிக்கவோ மறுக்கவோ நேரம் இருக்கவில்லை. கண்காட்சிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். ஆயில் என்றால் காயும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பிரஷ்ஷை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். ஆசிரியராக இருந்தாலும் தனித் தாளில் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

முடித்த கையோடு காட்டுவது

மணிக்கணக்காகப் பார்த்த கண்ணுக்குத் தன் படத்தின் பிழை தெரியாது. மனமும் அந்த நேரத்தில் பாராட்டைத்தான் எதிர்பார்க்கும். படத்தை ஒரு வாரம் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு கண்ணாடியில் பாருங்கள். லியொனார்தோ தா வின்சி ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை அது. இடம் வலம் மாறித் தெரியும்போது முகத்தின் சாய்வும் கோணல்களும் சட்டென்று புலப்படும். தலைகீழாக வைத்தும், கறுப்பு வெள்ளைப் புகைப்படமாகவும் பாருங்கள். இதில் நீங்களே கண்டுபிடித்ததைத் திருத்திய பின் அடுத்தவரிடம் போனால், உங்களுக்கே தெரியும் பிழைகளைக் கேட்டு அவருடைய நேரம் வீணாகாது.

பாராட்டுத்தான் வேண்டும் என்ற நாட்களும் உண்டு. அதில் குற்றமில்லை. அப்போது "முடித்த சந்தோஷத்தில் காட்டுகிறேன், இன்று திருத்தம் வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வருவது அரிது. பேசாமல் ஒரு நிமிடம் பார்க்கவிட்டு இப்படிக் கேளுங்கள்: கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே? இது என்ன நேரம், வெயிலா மழையா? எந்த இடத்தில் கண் இடறுகிறது? பதில் வரும்வரை படத்தைப் பற்றி எதுவும் விளக்காதீர்கள். "இது சோகமான படம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் சோகத்தைத் தேடித்தான் பார்ப்பார்.

இரண்டு மூன்று பேர் போதும். அதே மீடியத்தில் வேலை செய்பவர் ஒருவர், ஓவியம் போடாதவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் முதலில் பேசியவர் பக்கமே மற்றவர்களும் சாய்வார்கள். இருவர் ஒரே இடத்தைத் தனித்தனியாகச் சுட்டினால் அந்த இடத்தில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து தவறாக இருக்கலாம். கை பெரிதாகத் தெரிகிறது என்பார்கள். பார்த்தால் கை சரியாக இருக்கும், பக்கத்து நிழல்தான் வெளிறியிருக்கும்.

போனில் அனுப்பிக் கேட்டால், ஜன்னலோரத்தில், வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில் முழுப்படம் ஒன்றும் நெருக்கமாக ஒன்றும் எடுத்து, அளவையும் சொல்லுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு நிறம் பற்றிக் கருத்துக் கேட்பது வீண்.

கேட்டவுடன் திருத்துவது

குறித்துக்கொண்டு ஒரு நாளாவது விடுங்கள். பிறகு ஒவ்வொரு திருத்தமாக முயலுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் செய்தால் எது படத்தைத் தூக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது. காய்ந்த படத்தின் மேல் தெளிவான அசிடேட் ஷீட் (அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாள்) வைத்து அதன் மேல் திருத்தத்தைப் பூசிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் ஷீட்டை எடுத்துவிட்டால் போதும். தொடுமுன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

ஆர்டருக்கு வரையும் படத்தில் மட்டும் முறை வேறு. வாடிக்கையாளர் சொல்வதில் ரசனையோடு ஒப்பந்தமும் கலந்திருக்கிறது. பென்சில் வரைவில் ஒரு முறை, சிறு அளவு வண்ண மாதிரியில் ஒரு முறை என்று இரண்டு இடங்களில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதற்குப் பின் வரும் மாற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.